பதினோராவது தையல்

படம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று நான் ஒரு வக்கீலின் கோட்டைக் கருக்கிவிட்டேன். அப்பாவுக்குப் பிறகு இருபத்து மூன்று வருடமாக, ஜப்பானில் எங்கள் ஊரான கொகுராவின் கடைத்தெருவில் சலவைக்கடை நடத்துகிறேன். அதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கியதில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின் முதுகில் வைத்த கையோடு கைபேசியைப் பார்த்தேன். பார்த்தபடியே நின்றுவிட்டேன். புகை வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவே வந்தது. வக்கீல் தங்கமான மனிதர், ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நான்தான் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு கத்தினேன்.

"சென்டாவை நிஜ ஆளை வெச்சுப் படமா எடுக்கிறாங்களாம் சார்! நிஜ ஆளை!"

"அப்படியா? சென்டாங்கிறது யாரும்மா?" என்றார் அவர்.

கோட்டைக் கருக்கியதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன். இந்தக் கேள்விக்கு அவர்தான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

'மழைக்காவலன் சென்டா' என்ற அனிமே கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சியில் வந்தபோது எனக்கு இருபது வயது. ஐம்பத்திரண்டு பகுதிகள். பச்சைத் தலைமுடியும் மஞ்சள் மழைக்கோட்டுமாக ஒரு பையன், எங்கள் ஊர் மாதிரியே ஆறும் கடைத்தெருவும் உள்ள ஒரு ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டே இருப்பான். அவ்வளவுதான் கதை. கேட்கிறவர்களுக்கு 'இதற்கா இத்தனை அமர்க்களம்' என்றிருக்கும். இருக்கட்டும். முப்பத்தோராம் பகுதியில் தோழி இபுகியைக் கால்வாயிலிருந்து இழுக்கும்போது சென்டாவின் கோட்டு இடது முழங்கையில் கிழியும். இபுகிக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. ஆனாலும் தன் சாப்பாட்டுப் பையின் நீலத் துணியை வெட்டி, சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டுக் கொடுப்பாள். கோணல்மாணலாகப் பதினொரு தையல். மீதி இருபத்தொரு பகுதியும் சென்டா அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிவான். இதைப் பார்த்துவிட்டு அழாதவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

மிசாவோவை நான் சந்தித்ததே அந்தத் தையலால்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரசிகர் கூட்டத்தில், கடைசித் தையல் பத்தாவதன் மேல் குறுக்கே விழுந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"குறுக்கேயா? கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க. அது சாஞ்சிருக்கு, அவ்வளவுதான்!"

தீர்த்து வைக்க வழியே இல்லாத சண்டை. ஏனென்றால் அந்தக் காட்சியில் சரியாக அந்தக் கடைசித் தையலின் மேல்தான் ஒரு மழைத்துளி வழிந்து ஓடும். வரைந்த மகராசன் வேண்டுமென்றே வரைந்தானோ என்னவோ. அன்றைக்கு ஆரம்பித்த சண்டையை நாங்கள் விடவேயில்லை. மிசாவோ பக்கத்துத் தெருவில் பள்ளிச் சீருடைகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். என் கல்யாணம் முறிந்த வாரத்தில் அவள் தன் கடையை மூடிவிட்டு வந்து, மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு பகுதிகளையும் பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பதாம் பகுதியில் கவனக்குறைவாகப் பன்னிரண்டு தையல் வரைந்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் திட்டுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது.

எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஏழு பேர். மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று வானிலைக்காரர்கள் எந்த நாளில் அறிவிக்கிறார்களோ, அன்று சாயங்காலம் என் கடை மாடியில் கூடி முப்பத்தோராம் பகுதியைப் பார்ப்போம். மழைத்துளி வழியும் இடத்தில் நிறுத்தி, நானும் மிசாவோவும் சண்டை போடுவோம். மற்ற ஐந்து பேரும் வறுத்த ஊடான் நூடுல்ஸைச் சாப்பிட்டபடி வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆகவே அந்தச் செய்தி வந்த அன்றே ஏழு பேரும் மாடியில் அவசரமாகக் கூடினோம். லாரி ஓட்டும் குரோகி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பச்சைத் தலைமுடிக்கு என்ன பண்ணுவாங்க? அதைச் சொல்லுங்க. தலைக்குச் சாயம் அடிப்பாங்களா, டோப்பா வைப்பாங்களா?"

"எது பண்ணாலும் ஊறப்போட்ட கடல்பாசி மாதிரிதான் இருக்கும்," என்றாள் மிசாவோ.

"நடிக்கிற பையன் பாட்டுக் குழுவுல ஆடுறவனாம்," என்றார் ஷிராய்ஷி. அவர் நகராட்சி அலுவலர். எதையும் தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். "வயசு இருபத்தாறு. சென்டாவுக்குப் பதிமூணு."

"அடப்பாவிகளா!" என்றேன்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றைய கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இந்த மாதிரிப் படங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக் கசக்கிப் பிழிந்து, இதோ பார் என்று திரும்பக் கொடுக்கிறார்கள். பிறகு பழையதை நினைத்தாலும் அந்தக் கசங்கிய முகம்தான் கண்ணுக்குள் வருகிறது. சென்டாவுக்கும் அப்படி ஆகிவிட்டால் அந்த மூன்று நாளும், மிசாவோவின் திட்டும்கூடக் கசங்கிப் போகும் என்று எனக்குத் தோன்றியது. அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. படத்தை ஏழு பேரும் எதிர்ப்பது என்று மட்டும் தீர்மானம் போட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள், மிசாவோ உட்பட.

இலையுதிர்காலத்தில் படக்குழு எங்கள் ஊருக்கே வந்து இறங்கியது. இந்த ஊர்க்காரர்களுக்கு சினிமா என்றால் போதும்; கூட்டத்தில் நிற்க வாருங்கள் என்று அழைத்தால் காலை ஐந்து மணிக்கே வந்து வரிசையில் நிற்பார்கள். மீன் கடைக்காரர் மூன்று நாள் கடையை மூடிவிட்டு, செயற்கை மழையில் நனைந்தபடி ஆற்றங்கரையில் ஓடினாராம். நான் அவரிடம் மத்தி வாங்குவதை நிறுத்தினேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிசாவோ கடைக்கு வந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக ஆளைக் காணோம். கையில் ஒரு துணிப்பை.

"கோவிச்சுக்காம கேளுடி," என்றாள்.

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும். சொல்லு."

பைக்குள்ளிருந்து மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து மேசை மேல் விரித்தாள். அதே மஞ்சள். இடது முழங்கையில் நீல ஒட்டு, சிவப்பு நூல்.

"எங்கடி கிடைச்சுது இது?"

"ஷூட்டிங்ல. தைக்கத் தெரிஞ்சவங்க உதவிக்கு வேணும்னு கேட்டாங்க. போனேன்."

"போனியா?"

"அவங்க கொண்டு வந்த கோட்டுல ஒட்டே இல்ல, சிஸுரு. வெறும் கோட்டு! நான்தான் மல்லுக்கட்டி ஒட்டுப் போட வெச்சேன். பத்துத் தையல் போட்டாச்சு. நாளைக்கு அந்தக் காட்சி எடுக்கிறாங்க. கடைசி ஒண்ணை மட்டும் விட்டு வெச்சிருக்கேன். நீயும் நானும் சேர்ந்து முடிவு பண்ணிடலாம்னு..."

"கை தூக்கினியேடி அன்னைக்கு! என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத் தூக்கினியே!"

"தூக்கினேன். ஆனா அவங்க எப்படியும் எடுக்கத்தான் போறாங்க. நாம எல்லாரும் வெளிய நின்னு திட்டிக்கிட்டிருந்தா, உள்ள யாருடி அந்த ஒட்டைத் தைப்பாங்க?"

"யாரும் தைக்க வேணாம். கேவலமா வரட்டும். அப்பதான் நாம சொன்னது சரின்னு ஊருக்குத் தெரியும்."

சொன்னதுமே அது எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று எனக்குப் புரிந்தது. ஆனால் என் வாய் நிற்கிற வாயா? துரோகி என்றேன். இனி மழைக்காலக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றேன். மிசாவோ கோட்டைக் கையில் எடுத்தாள். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, அதன் இரண்டு கைகளையும் உள்ளே மடக்கி, சுருக்கம் விழாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

குளிர்காலம் முழுவதும் நாங்கள் பேசவில்லை. வசந்தத்தில் அவள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். ஜூன் முதல் வாரத்தில் மழைக்காலம் தொடங்கியதாக அறிவித்தார்கள். மாடியில் ஆறு பேர் கூடினோம். உட்காரப் போடும் ஏழாவது மெத்தையை உள்ளே எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அது சுவரோரம் அப்படியே கிடந்தது. மழைத்துளி வழியும் காட்சி வந்தது. வழக்கம்போல நிறுத்தினேன். நான் மட்டும், "குறுக்கேதான்," என்றேன். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. குரோகி அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "போடுங்கக்கா, மேல பாப்போம்," என்றார். அவர் என்னைவிட எட்டு வயது பெரியவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வாரம் சனிக்கிழமை படம் வெளியாகிறது. எதிர்ப்பை எப்படிக் காட்டுவது என்று பேசினோம்.

"நடுவுல எழுந்து கத்திடறேன்," என்றார் குரோகி.

"ஐயையோ, மத்தவங்க படம் பாக்க வேணாமா?" என்று பதறினார் ஷிராய்ஷி.

"அப்போ பலகை பிடிப்போம்."

"அதுக்கு அனுமதிப் படிவம் போடணும். ரெண்டு வாரம் ஆகும். நான்தான் கையெழுத்துப் போடுற இடத்துல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

யோசித்துப் பார்த்து நான் சொன்னேன்: "படம் முடிஞ்சு பெயர்கள் ஓட ஆரம்பிக்கும் இல்ல? அப்போ எழுந்து வெளிய போயிடுவோம்."

குரோகியே வாயைப் பிளந்தார். எங்கள் ஊர் அரங்குகளில் அப்படி ஒருவரும் செய்வதில்லை. கடைசிப் பெயர் மேலே போய், பாட்டு நின்று, விளக்கு எரிகிறவரை இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்போம். ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தாலும் உட்கார்ந்திருப்போம். உழைத்தவர்களின் பெயர் ஓடும்போது முதுகைக் காட்டுவது என்றால், முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

"கொஞ்சம் அதிகமாத் தெரியலையா?" என்றார் ஷிராய்ஷி மெல்ல.

"அதிகமாத்தான் இருக்கணும். நான் எழுந்ததும் எல்லாரும் எழுந்துக்கணும். மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வாங்க, நல்லாக் கண்ணுல படட்டும்."

அன்று இரவே மிசாவோவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. 'சனிக்கிழமை காலைக் காட்சிக்கு நானும் வரேன். கடைசியில என் பேர் வருதாம். பார்.' அவ்வளவுதான். நான் பதில் போடவில்லை. அவள் பெயர் ஓடும் நேரத்தில்தான் நான் முதுகைக் காட்டப் போகிறேன். ஐந்து பேரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கு என்ன வாக்கு, வெறும் வீம்பு. சனிக்கிழமை வரை சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. ஆறு மஞ்சள் கோட்டுகளோடு உள்ளே போனோம். அரங்கு நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கூட்டத்தில் நின்ற ஊர்க்காரர்கள், தங்கள் தலை எங்கே வருகிறது என்று பார்க்க வந்தவர்கள். மீன் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். கடைசி வரிசையில், சுவரோரமாக, மிசாவோ தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஷிராய்ஷி, இது என்ன இடம்?"

"எட்டாவது வரிசை, நட்ட நடு," என்றார் பெருமையாக. "டிக்கெட் திறந்த நிமிஷமே பிடிச்சேன். இங்கதான் சத்தம் சரியா வந்து சேரும், திரையும் கண்ணுக்கு நேரா இருக்கும்."

"வெளிநடப்பு பண்ணப் போறவங்களுக்கு ஓரத்துல எடுக்கணும்யா! இந்தப் பக்கம் ஒன்பது பேர், அந்தப் பக்கம் ஒன்பது பேர். எப்படிப் போறது?"

அவர் முகம் வெளுத்தது. "சென்டா படமாச்சே... நல்ல இடத்துல உட்கார்ந்து பாக்கணும்னு கை தானா அழுத்திடுச்சுக்கா."

விளக்கு அணைந்தது.

தலைமுடி கடல்பாசியேதான். மிசாவோ அன்றே சொன்னாள். அது தெரிந்த அந்த நொடி எங்கள் ஆறு பேர் தொண்டையிலிருந்தும் ஒரே முனகல் வந்தது. கணினியில் செய்த மழை வலப்பக்கம் சாய்ந்து பெய்தது, குடைகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இபுகி ஏதோ விளம்பரத்தில் வருகிற மாதிரி முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். நான் சந்தோஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த ஆட்டக்காரப் பையன் ஓடினான். குதிகால் தரையில் பட்டுப் பட்டென்று அறைய, முழங்கை வெளியே விரிய, அச்சு அசல் சென்டாவின் ஓட்டம். எத்தனை தடவை அனிமேயைப் போட்டுப் பார்த்துப் பழகினானோ! எனக்கு இடது பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. குரோகி அண்ணன்.

"அழுறீங்களா?" என்று அவர் காதில் கேட்டேன்.

"இல்லக்கா, சளி."

பிறகு கால்வாய் வந்தது. கோட்டு கிழிந்தது. இபுகி இந்த முறை முடியைக் கோதவில்லை, ஊசியைப் பிடித்துக்கொண்டு திணறினாள். சென்டா கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கையை மடக்கினான். திரை முழுக்க அந்த முழங்கை. மழைத்துளி இல்லை, எதுவும் மறைக்கவில்லை. என் விரல்கள் மடியில் தானாக எண்ணின. எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது தையல் பத்தாவதன் மேல் குறுக்கே விழுந்திருந்தது.

சாய்ந்து இல்லை. குறுக்கே. நான் சொன்ன மாதிரி.

இருபத்திரண்டு வருடமாக ஒரு அங்குலம் விட்டுக் கொடுக்காதவள், நான் துரோகி என்று சொல்லித் துரத்திய அன்று, வீட்டுக்குப் போய் என் தையலைப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கண் மங்கிவிட்டது. எனக்குச் சளி இல்லை.

திரை கறுத்தது. பாட்டு ஆரம்பித்து, பெயர்கள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின. ஐந்து முகங்கள் என் பக்கம் திரும்பின. உட்கார்ந்திரு என்று மனசு சொன்னது. கால் எழுந்துவிட்டது. எட்டு மாத வீம்பு என்னைத் தூக்கி நிறுத்திவிட்டது. உடனே ஐந்து பேரும் எழுந்தார்கள். அரங்கின் நட்ட நடுவில் ஆறு மஞ்சள் மழைக்கோட்டுகள்.

வலது பக்கம் நகர்ந்தேன். பக்கத்து இருக்கையில் பெரிய வயிற்றோடு ஒரு மனிதர், மடியில் சோளப்பொரி வாளி. முழங்காலை மடக்க இடமில்லை அவருக்கு.

"கொஞ்சம் வழி விடுங்க," என்று கிசுகிசுத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இன்னும் முடியலீங்களே."

போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நின்றபடியே திரையைப் பார்த்தேன். விளக்குப் பிடித்தவர்கள், சமைத்துப் போட்டவர்கள், ஊர்க்காரர்கள் என்று பெயர்கள் ஏறின. பிறகு உடைப் பிரிவு வந்தது.

தையல் உதவி: தொக்குனாகா மிசாவோ.

அதற்குக் கீழே இன்னொரு வரி.

பதினோராவது தையல்: யோஷிமாத்சு சிஸுரு.

அது என் பெயர். எதிர்ப்புக் குழுவின் தலைவி நான், எதிர்க்க வந்த படத்தில் என் பெயர்! "அக்கா!" என்றார் குரோகி, அரங்கத்துக்கே கேட்கும்படி. ஷிராய்ஷி என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். "உங்க பேருக்கா! உங்க பேரு!" நான் அசையவில்லை. அந்த இரண்டு வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக மேலே போய் மறைகிறவரை நின்றுகொண்டே இருந்தேன். யார் இழுத்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன்.

உடைப் பிரிவு வருவதற்கு முன்பே எங்களுக்குப் பின்னால் ஒரு இருக்கை மடங்கும் சத்தம் கேட்டிருந்தது. பிறகு இன்னொன்று. மீன் கடைக்காரர் எழுந்து நின்றார், அவர் மனைவி நின்றாள். ஆறு மஞ்சள் கோட்டுகள் பெயர்களுக்கு மரியாதையாக நிற்கின்றன என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். நாம் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது என்று வரிசை வரிசையாக எழுந்தார்கள். கடைசியில் சோளப்பொரிக்காரரும் வாளியைக் கட்டிக்கொண்டு சிரமப்பட்டு எழுந்தார். ஒரு சத்தமில்லை. பாட்டு முடிந்து விளக்கு எரிகிறவரை மொத்த அரங்கமும் நின்றது. அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், கூரை பிய்ந்துவிடும் போல!

வெளிநடப்பு அப்படி முடிந்தது. வெளியே முன்கூடத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "எழுந்து நிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்தீங்களா?"

"முன்னாடியே முடிவு பண்ணதுதான்," என்றார் ஷிராய்ஷி. அவருக்குப் பொய் சொல்ல வராது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிசாவோவைத் தேடினேன். குடைகள் வைக்கும் இடத்தில் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"மிசாவோ, நான் வந்து..."

"வாழ்க்கையில ஒரு தடவை என் பேரு திரையில வருது. ஒரே ஒரு தடவை! நீ எழுந்து நின்னே. உன் பின்னாடி ஊரே எழுந்து நின்னுது. கடைசி வரிசையில நான் குதிச்சுக் குதிச்சுப் பாக்கறேன், முன்னால அந்த மீன்காரரோட முதுகுதான் தெரியுது. என் பேரை நான் பாக்கவே இல்லடி!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், அழுகையாக வந்தது. அவளும் அதே நிலைமைதான். இரண்டு நடுவயசுப் பெண்கள் குடைகளுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டே அழுதோம். போகிறவர்கள் படம் அவ்வளவு நன்றாக இருந்ததோ என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மன்னிச்சிடுடி," என்றேன். "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கேவலமா வரட்டும்னு சொன்னேன் பாரு, நான்தான் கேவலம்."

"ஆமா," என்றாள் அவள். கொஞ்சம்கூட மறுக்கவில்லை.

"யாரைக் கேட்டுடி என் பேரைப் போடச் சொன்னே?"

"யாரைக் கேக்கணும்? உன் தையலுக்கு என் பேர் வந்தா எனக்குத்தான் அவமானம். உடைப் பிரிவு அம்மாகிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. போட்டாங்க."

மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினோம். கடைசியாகக் கிடைத்த இடங்கள், ஓரத்தில், திரை கோணலாகத் தெரியும் இடம். ஷிராய்ஷி அதைப் பார்த்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். சோற்று உருண்டைகளைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். விளக்கு அணைவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. குறுக்கேன்னு ஒத்துக்கிட்டியா?"

"செத்தாலும் ஒத்துக்க மாட்டேன். அது சாஞ்சுதான் இருக்கு."

"பின்ன ஏண்டி குறுக்கே போட்டே?"

மிசாவோ திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊசியை எடுத்துக்கிட்டு ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் போட்டா நான் ஜெயிச்ச மாதிரி. ஆனா நீ என்கூடப் பேசலியே. ஜெயிச்சு யார்கிட்ட சொல்லிக் காட்டுறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு அணைந்தது, மழைச் சத்தம் கேட்டது, சென்டா திரையில் வந்தான். கடல்பாசித் தலையைப் பார்த்ததும் இரண்டு பேரும் சேர்ந்து முனகினோம்.